கென்ட் ஸ்டேட்டில் புது மாணவர்களை எங்கிருந்து நடக்க வைப்பது?

அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1970இல் போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின்போது காவல் படை சுட்டு மாணவர்கள் இறந்தார்கள். புது மாணவர்கள் சேருவது ஆகஸ்டில், அந்த நினைவு நாளோ மே 4. அதுவரை காத்திருக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டெய்லர் ஹால் கட்டிடத்தில் அதைப் பற்றி உள்ள காட்சிக்கூடத்தைக் கடைசிக்கு வையுங்கள். படங்களை முதலில் பார்த்துவிட்டால் வெளியே இருக்கும் மேடு வெறும் மேடாகத்தான் தெரியும்.

வளாகத்தில் விக்டரி பெல் என்ற மணியருகே கூடி, மேடேறி, பகோடா என்று அழைக்கும் கான்கிரீட் குடைக்கு வாருங்கள். 1970 மே 4 மதியம் 12:24க்கு ஒஹாயோ தேசியக் காவல் படையினர் திரும்பிச் சுட்டது இதனருகில்தான். 13 விநாடி, 60க்கும் மேற்பட்ட குண்டுகள், 4 பேர் சாவு, 9 பேர் காயம். இவ்வளவு சொன்னால் போதும். பிறகு கடிகாரம் பார்த்து 13 விநாடி சும்மா நிற்கச் சொல்லுங்கள். நின்று பார்த்தால்தான் அதன் நீளம் புரியும்.

அங்கிருந்து பிரென்டிஸ் ஹால் கார் பார்க்கிங் வரை பேசாமல் அடி எண்ணி இறங்கட்டும். இறந்த நால்வரில் ஜெஃப்ரி மில்லர் விழுந்தது சுமார் 265 அடியில், சான்ட்ரா ஷூயர் 390 அடியில். 'கல் வீசினார்கள், அதனால்தான் சுட்டார்கள்' என்ற பேச்சுக்கு அந்தத் தூரமே பதில், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

இந்த வழியில் இரண்டு எச்சரிக்கை மட்டும். இறந்த நான்கு பேரையும் 'போராட்டக்காரர்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். அவர்களில் ஷூயரும் வில்லியம் ஷ்ரோடரும் ஆர்ப்பாட்டத்தில் சேர்ந்தவர்கள் அல்ல. அடுத்தது, நால்வரும் விழுந்த இடங்களில் உள்ள அடையாளக் கற்களின் மேல் கிடக்கும் கூழாங்கற்களைக் குப்பை என்று நினைத்து யாராவது ஒதுக்கப் பார்ப்பார்கள். இறந்தவர்களில் மூவர் யூதர்கள். கல்லறையில் கல் வைப்பது அவர்கள் வழக்கம். (1999 வரை அந்த நான்கு இடங்களிலும் கார் நின்றுகொண்டிருந்தது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.) வழியில் சிற்பி டான் ட்ரம் செய்த இரும்புச் சிற்பத்தில் அன்று பட்ட ஒரு குண்டுத் துளை இருக்கிறது. விரல் விட்டுப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

மே மாத நினைவு விழிப்புக்கு, அதாவது இறந்தவர்கள் விழுந்த இடங்களில் இரவெல்லாம் மாறி மாறி நிற்பதற்கு, ஆள் சேர்ப்பவர்களுக்கு: 3ஆம் தேதி இரவு 11 மணிக்கு மெழுகுவர்த்தி ஊர்வலம், நள்ளிரவிலிருந்து மறுநாள் 12:24 வரை நான்கு இடங்களிலும் அரை மணிக்கு ஓர் ஆள். முறைக்கு இடத்துக்கு ஒருவர் என்றாலே கிட்டத்தட்ட 100 பேர் வேண்டும். முதல் முறைக்கு ஆள் தானாக வரும். காலியாவது விடியற்காலை 3 முதல் 5 வரைதான். அதற்கு மட்டும் இடத்துக்கு இருவராகப் பெயர் வாங்குங்கள். மெழுகுவர்த்திக்குக் காகிதக் குவளை கட்டாயம், மேட்டுக் காற்றில் திரி நிற்காது. கையுறையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

4ஆம் தேதி மதியம் விக்டரி பெல் 15 முறை அடிக்கும்: இறந்த நால்வருக்கும் காயமடைந்த ஒன்பது பேருக்கும் 13. 13 வரை எண்ணிவிட்டுப் புதியவர்கள் பையை எடுத்துத் தோளில் போடுவார்கள். மீதி இரண்டு, 1970 மே 15ஆம் தேதி மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீசார் சுட்டு இறந்த பிலிப் கிப்ஸுக்கும் ஜேம்ஸ் கிரீனுக்கும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.