உரிமையாளர் பெயர்

குழு: கோயில் சாலைக் குடும்பங்கள், சுங்கை சிப்புட், மலேசியா
சனிக்கிழமை

காலை 7:41 – சரஸ்வதி
நம் கோயில் நாய் கறுப்பி கிடைத்துவிட்டாள். உயிர் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் செம்பனைக் காட்டில், மூன்றாவது வரிசை மட்டைக் குவியலுக்கு அடியில் கிடக்கிறாள். காலில் கம்பிக் கண்ணி. யாராவது குறடு எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள்.

காலை 7:42 – ரவி
வருகிறேன் அக்கா. கம்பியை இழுத்துவிடாதீர்கள், இன்னும் இறுகும்.

காலை 7:44 – சரஸ்வதி
பக்கத்திலேயே விடமாட்டேன் என்கிறாள். நான்கு வருடமாக என் கையில் சோறு தின்றவள், என்னைப் பார்த்து உறுமுகிறாள்.

காலை 7:46 – தேவகி டீச்சர்
பழைய கைலி ஒன்றைத் தலையில் போட்டு மூடுங்கள் சரசு. கண் மறைந்தால் கொஞ்சம் அடங்குவாள். வாயையும் துணியால் கட்டிவிடுங்கள். வலியில் யாரைக் கடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

காலை 8:35 – ரவி
(படம்)
(படம்)
கம்பியை அறுத்துவிட்டோம். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள். சுருக்குப் போட்டு, மறுமுனையை இரும்பு ஆப்பில் கட்டித் தரையில் அடித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து அவளைக் காணவில்லை என்றால் மூன்று நாள் அங்கேயே கிடந்திருக்கிறாள். ஆப்பைச் சுற்றி மண் வட்டமாக உழுதது போல் இருக்கிறது, கேபிள் எட்டிய தூரம் வரைக்கும். பக்கத்தில் இருந்த பனை மட்டையெல்லாம் கடித்து நார் நாராகக் கிடக்கிறது. கேபிளிலும் பல் தடம். ஒரு பல் உடைந்திருக்கிறது.
சரஸ்வதி அக்காவும் நானும் ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டோம்.

காலை 8:37 – தேவகி டீச்சர்
இரண்டாவது படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எந்தக் கால்?

காலை 8:38 – ரவி
இடது முன்னங்கால். கம்பி எலும்பு வரைக்கும் போய்விட்டது.

காலை 8:52 – குமரேசன்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

காலை 10:20 – சரஸ்வதி
கிளினிக்கில் இருக்கிறோம். முட்டிக்குக் கீழே உயிரோட்டம் இல்லையாம், காலை எடுத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்கிறார். செலவு 1,200 வெள்ளி (ரிங்கிட்). என்னிடம் 300 இருக்கிறது.
இன்னொன்று. முன்னால் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். முதல் வரியில் உரிமையாளர் பெயர். யாரும் இல்லை, கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய் என்றேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும் என்றாள். என் பெயரை எழுதிவிட்டேன்.

காலை 10:22 – தேவகி டீச்சர்
என் பங்கு 200. இப்போதே அனுப்புகிறேன்.

காலை 10:23 – ரவி
நான் 150.

காலை 10:31 – முனுசாமி ஐயா
என் பேத்தியிடம் 100 கொடுத்திருக்கிறேன், அனுப்புவாள். சரசு, பெயர் எழுதிவிட்டாய். இனி நாய் லைசென்ஸும் நீதான் எடுக்க வேண்டும். அவள் யாரையாவது கடித்தாலும் உன்னைத்தான் கேட்பார்கள்.

காலை 10:33 – சரஸ்வதி
கேட்கட்டும் ஐயா.

காலை 10:58 – கலைவாணி
இப்போதுதான் பார்த்தேன். அம்மா போனில் அழுதார். சரஸ்வதி அத்தை, அந்தக் கேபிளையும் ஆப்பையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எடுத்த இடத்தைப் படம் பிடித்து வையுங்கள். நான் புகார் எழுதுகிறேன். கால்நடைச் சேவைத் துறைக்கு ஒன்று, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு ஒன்று.

காலை 11:04 – முனுசாமி ஐயா
கலைவாணி, நீ கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறாய், எனக்குச் சந்தோஷம். ஆனால் சொந்தக்காரன் இல்லாத நாய்க்கு யார் புகாரை எடுத்துக்கொள்வார்கள் அம்மா? மாடு என்றால் சொந்தக்காரன் நஷ்டம் கேட்பான். இது தெரு நாய்.

காலை 11:17 – கலைவாணி
எடுத்துக்கொள்ள வேண்டும் தாத்தா. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும். மிருகம், பறவை, மீன், ஊர்வன, பூச்சி, காட்டில் இருப்பது, வீட்டில் இருப்பது எல்லாமே அடங்கும். கொடுமைக்குத் தண்டனை கொடுக்க அந்த விலங்குக்குச் சொந்தக்காரர் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அபராதம் 20,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது, 100,000 வரை போகலாம். அல்லது மூன்று ஆண்டு வரை சிறை. இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். இதற்கு முன்னால் இருந்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெகுகாலம் 200 வெள்ளிதான் அபராதம்.
கண்ணி வேறு விஷயம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குத் தடையே இருக்கிறது. காட்டுப்பன்றியைப் பிடிப்பதென்றாலும் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும்.

காலை 11:19 – ரவி
20,000 வெள்ளியா!

காலை 11:26 – முனுசாமி ஐயா
நம் ஆட்களில் யாரிடம் அவ்வளவு இருக்கிறது?

காலை 11:27 – கலைவாணி
நம் ஆட்கள்தான் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லையே தாத்தா.

காலை 11:48 – முனுசாமி ஐயா
ஒரு பழைய கதை சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். பேத்திதான் தட்டித் தருகிறாள்.
நான் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்த காலம். எந்தத் தோட்டம் என்று கேட்க வேண்டாம். வருடத்திற்கு ஒரு தடவை நாய் சுடத் துப்பாக்கியோடு ஆள் வரும். கழுத்தில் பட்டை கட்டிய நாயை விட்டுவிடுவார்கள், கட்டாத நாயைச் சுடுவார்கள். செய்தி முதல் நாள் இரவே எனக்கு வரும். வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு. நான் வீட்டில் சொல்லிவிடுவேன். விடிவதற்குள் லயத்துப் பெண்கள் பழைய சேலையைக் கிழித்து, அகப்பட்ட நாய்க்கெல்லாம் கழுத்தில் கட்டிவிடுவார்கள். ஒரே சேலை, ஏழெட்டு நாய். சுட வந்தவனுக்கும் புரியும், சிரித்துக்கொண்டே போய்விடுவான். கையில் அகப்படாத நாய்தான் சாகும்.
கிளினிக்கில் சரசு பெயர் எழுதினாள் என்றதும் எனக்கு அந்தச் சேலைக் கிழிசல்தான் ஞாபகம் வந்தது.

காலை 11:52 – தேவகி டீச்சர்
ஐயா, இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருக்கிறீர்கள். இதைச் சொன்னதே இல்லை.

நண்பகல் 12:06 – கலைவாணி
தாத்தா, நான் வகுப்பில் படித்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். இன்றைக்கும் சட்டத்தின் கண்ணில் விலங்கு ஒருவருடைய உடைமைதான். குற்றவியல் சட்டத் தொகுப்பில் பிராணியைக் கொல்வதும் ஊனமாக்குவதும் எங்கே வருகிறது தெரியுமா? சொத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற அத்தியாயத்தில். நலச் சட்டம் கொடுமை செய்தவரைத் தண்டிக்கும். ஆனால் வழக்கு அரசாங்கத்துக்கும் அந்த ஆளுக்கும் இடையில்தான். கறுப்பி அதில் ஒரு தரப்பே கிடையாது, சாட்சிப் பொருள் மாதிரி.

நண்பகல் 12:10 – தேவகி டீச்சர்
மனுநீதிச் சோழன் வாசலில் பசு தானே போய் மணியை அடித்தது. யாருடைய பசு என்று அரசன் கேட்டதாக நான் எந்தப் பாடத்திலும் நடத்தவில்லை.

நண்பகல் 12:19 – கலைவாணி
அந்த மணியை அமெரிக்காவில் அடித்துப் பார்த்தார்கள் அம்மா. நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் ஹேப்பி என்று ஒரு யானை. சட்டவிரோதமாக அடைத்து வைத்த மனிதருக்குப் போடுகிற ஆட்கொணர்வு மனுவையே அதற்காகப் போட்டார்கள். 2022 ஜூனில் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் முடியாது என்றார்கள், இரண்டு பேர் யானை பக்கம் நின்று தனித் தீர்ப்பு எழுதினார்கள்.
இந்தியாவில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஜூலையில் இன்னும் தூரம் போனது. நேபாள எல்லையில் வண்டி இழுக்கும் குதிரைகளைப் பற்றிய வழக்கு. விலங்குகள் அனைத்தும் சட்டப்படி ஆட்கள், அந்த மாநில மக்கள் அனைவரும் பெற்றோர் இடத்தில் நிற்கிற காப்பாளர்கள் என்று தீர்ப்பு.

நண்பகல் 12:22 – ரவி
ஜல்லிக்கட்டில் என்ன சொன்னார்கள்? 2017இல் நாங்கள் எல்லாம் அதற்காகப் பதாகை பிடித்தோம்.

நண்பகல் 12:30 – கலைவாணி
2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, விலங்குக்கும் கண்ணியமான வாழ்வு உண்டு என்று எழுதி. 2017இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல அந்த அமர்வு முன்வரவில்லை. அண்ணே, நீங்கள் பதாகை பிடித்ததை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். காளையைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்களை எனக்குத் தெரியும். காளைக்கு அந்தக் கூட்டமும் சத்தமும் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பேன்.

நண்பகல் 12:41 – முனுசாமி ஐயா
அப்படியானால் நம் முனியாண்டிக்கு வெட்டுகிற கிடா? போன திருவிழாவில் ஒன்பது கிடா. நீங்கள் எல்லாரும் வரிசையில் நின்று கறிச்சோறு வாங்கினீர்கள். நாய்க்கு ஒரு நியாயம், ஆட்டுக்கு ஒரு நியாயமா? சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கே பதில் தெரியாமல்தான் கேட்கிறேன்.

நண்பகல் 12:55 – தேவகி டீச்சர்
எனக்கும் முழுப் பதில் தெரியாது ஐயா. வெட்டுவதற்கு முன்னால் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருக்கிறோம். உடம்பை உதறினால்தான் சம்மதம். உதறாத கிடாயை வெட்டமாட்டார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு ஒரு நாள் தோன்றியது, நனைந்தால் எந்த ஆடும் உதறத்தானே செய்யும்? அன்றிலிருந்து நான் அந்தச் சோறு வாங்குவதில்லை. யாரையும் வாங்காதீர்கள் என்று சொன்னதும் இல்லை.

நண்பகல் 12:58 – கலைவாணி
ஆனாலும் ஆட்டிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது அம்மா. கல்லிடமோ மூட்டையிடமோ யாரும் சம்மதம் கேட்பதில்லை.

பிற்பகல் 1:34 – சரஸ்வதி
காலை எடுத்துவிட்டார்கள். கறுப்பி மூச்சு விடுகிறாள். நாக்கு வெளியே தொங்குகிறது, கண் பாதி திறந்திருக்கிறது. என் சேலை முந்தானையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், விழிக்கும்போது தெரிந்த வாசனை இருக்கட்டும் என்று.

பிற்பகல் 1:35 – ரவி
(படம்)

பிற்பகல் 1:36 – தேவகி டீச்சர்
முருகா.

பிற்பகல் 2:15 – கலைவாணி
புகாரை எழுதி முடித்துவிட்டேன். ஒரு தகவல் வேண்டும். ரவி அண்ணே, முதல் படத்தில் அந்த ஆப்பு நீலமாகத் தெரிகிறதே, அது பெயின்டா?

பிற்பகல் 2:17 – ரவி
ஆமாம். நீல பெயின்ட் அடித்த இரும்புக் கம்பி, ஏதோ பழைய வாசல் கதவிலிருந்து அறுத்தது போல் இருக்கிறது.

பிற்பகல் 3:50 – குமரேசன்
அது என் வீட்டுப் பழைய கேட். கண்ணி வைத்தது நான்தான்.
காலையிலேயே எழுதினேன், அழித்துவிட்டேன். ரவி படத்தைப் போட்டதும் ஆப்பை அடையாளம் தெரிந்துவிட்டது. அப்போதிலிருந்து சாப்பிடவில்லை.
எல்லாருக்கும் தெரியும், மில்லில் வேலை போன பிறகு அந்த அரை ஏக்கர் மரவள்ளிதான் எங்களுக்கு. போன மாதம் ஒரே இரவில் பன்றிகள் வந்து பாதிக்கு மேல் தோண்டிப் போட்டுவிட்டன. வெளிச்சம் வைத்தேன், தகரம் கட்டினேன், தகரத்துக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வந்தன. பன்றி வரும் தடத்தில்தான் வைத்தேன். நாய் அந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கவில்லை. சரஸ்வதி, அவளைத் தேடி நீ மூன்று நாளாகத் தெருத் தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு போனாய். என் வீட்டு வாசலையும் தாண்டிப் போனாய். அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.
கிளினிக் செலவு முழுவதும் நான் கொடுக்கிறேன். மாதம் மாதம்தான் முடியும்.

பிற்பகல் 3:58 – முனுசாமி ஐயா
எனக்குக் காலையிலேயே சந்தேகம். அந்த கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தேன். வாய் வரவில்லை. அதுவும் தப்புதான்.

மாலை 4:09 – கலைவாணி
குமரேசன் மாமா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனவர் நீங்கள்.
ஆனால் பன்றிக்கு வைத்தேன் என்ற வார்த்தையை என்னால் அப்படியே விட முடியவில்லை. கம்பிக்குக் கண் கிடையாது மாமா. இந்த நாட்டுக் காட்டில் இப்போது இருக்கிற புலிகள் 150க்கும் குறைவு. அவை இந்த அளவுக்குக் குறைந்ததில் இதே மாதிரிக் கம்பிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வைத்தவர்களில் பல பேர் புலிக்கு வைத்திருக்கமாட்டார்கள். பன்றியே மாட்டியிருந்தாலும், மூன்று நாள் அந்த வட்டத்தில் அதுவும் இதையேதான் அனுபவித்திருக்கும். அது கத்தினால் நமக்குக் கேட்டிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாலை 4:15 – குமரேசன்
புகாரை அனுப்பு அம்மா. என் பெயரைப் போட்டே அனுப்பு.

மாலை 4:16 – தேவகி டீச்சர்
கலைவாணி, கொஞ்சம் பொறு.

மாலை 4:18 – கலைவாணி
எவ்வளவு நேரம் அம்மா? வைத்தவர் வேறு ஊர்க்காரர் என்றால் காலையிலேயே அனுப்பியிருப்பேன், நீங்களும் அனுப்பு என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

மாலை 4:40 – சரஸ்வதி
எல்லாவற்றையும் படித்தேன். கை நடுங்குகிறது குமரேசா. உன் மேல் கோபம் இருக்கிறது, அது இன்றைக்குப் போகாது. புகாரைப் பற்றி இப்போது பேச என்னிடம் தெம்பு இல்லை.
ஒன்று மட்டும் சொல். எத்தனை கண்ணி வைத்தாய்?

மாலை 4:42 – குமரேசன்
ஏழு.

மாலை 4:42 – சரஸ்வதி
மற்ற ஆறும் எங்கே?

மாலை 4:44 – குமரேசன்
போய் எடுக்கிறேன். இப்போதே போகிறேன்.

மாலை 4:45 – ரவி
நாங்கள் ஈப்போவை விட்டுக் கிளம்பிவிட்டோம். கறுப்பி இரவு கிளினிக்கில்தான். குமரேசன் அண்ணே, தனியாகப் போகாதீர்கள், ஏதாவது மாட்டியிருந்தால் பாயும். நான் நேராக அங்கே வருகிறேன்.

மாலை 6:52 – ரவி
(படம்)
ஐந்து எடுத்தாயிற்று. நான்கு வெறும் கண்ணி. ஒன்றில் மரநாய், செத்து நாளாகிவிட்டது. குமரேசன் அண்ணன் அதைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்.

மாலை 6:55 – தேவகி டீச்சர்
ஆறாவது?

மாலை 7:03 – குமரேசன்
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். போன வாரம் மட்டை வெட்டி அடுக்கினார்கள், இடம் மாறித் தெரிகிறது. அடையாளத்துக்குக் கட்டிய துணியையும் காணவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது. வீட்டில் பெரிய டார்ச் இருப்பவர்கள் யார்?

மாலை 7:04 – முனுசாமி ஐயா
என்னிடம் இருக்கிறது. பேரன் கொண்டு வருவான்.

மாலை 7:05 – சரஸ்வதி
நானும் வருகிறேன். எல்லாரும் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள்.