1918 சனவரியில் பயிற்சி முகாமில் இறந்த பண்ணை இளைஞன் போரில் இறந்தவனாகக் கருதப்பட்டானா?

வரப்போரம் (கேள்வி):
அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் ஊருக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய சிறிய கல்லறைத் தோட்டத்தில், 22 வயதில் இறந்த ஓர் இளைஞனின் கல்லைப் பார்த்தேன். பெயருக்குக் கீழே ‘கேம்ப் டாட்ஜில் இறந்தான், சனவரி 1918’ என்பது மட்டுமே இருந்தது. முதல் உலகப் போருக்காக ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும் முன்பே, இங்குள்ள அந்த ராணுவப் பயிற்சி முகாமிலேயே போய்விட்டான். ஸ்பானிஷ் காய்ச்சலாக இருக்குமென்று நினைக்கிறேன். இப்படி இறந்தவர்களையும் போரில் இறந்தவர்களாகக் கணக்கில் கொண்டார்களா? கல்லின் பாசியைத் துடைத்துவிட்டு வந்த நாள் முதல் மனம் அங்கேயே நிற்கிறது.

ஏட்டுக்கட்டு:
நீங்கள் படித்த மாதம் சரியென்றால், அது ஸ்பானிஷ் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கான்சாஸின் கேம்ப் ஃபன்ஸ்டனில் அக்காய்ச்சல் பரவியது 1918 மார்ச்சில். முகாம்களை வாரிக்கொண்டு போன அலை செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் முகாம்களை அலைக்கழித்தவை தட்டம்மையும் அதைத் தொடர்ந்த நிமோனியாவும். நகரத்துப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே தட்டம்மை வந்து போயிருக்கும். அடுத்த வீடே வெகு தொலைவில் இருந்த பண்ணைகளில் வளர்ந்த பலருக்கு அது வந்ததே இல்லை. அதனால், நாளெல்லாம் ஏர் பிடித்துத் திடகாத்திரமாக இருந்த பையன்கள்தாம் முகாமுக்கு வந்த சில வாரங்களிலேயே படுக்கையில் விழுந்தார்கள். ராணுவத் தலைமை மருத்துவர் வில்லியம் கோர்காஸ் முகாம்களை நேரில் பார்த்துவிட்டு, அங்கிருந்த நெரிசலை அதே சனவரியில் செனட் குழுவின் முன் எடுத்துச் சொன்னார்.

நாடி:
மருத்துவத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். அம்மையால் புண்பட்ட மூச்சுக்குழாய் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி நுரையீரலில் இறங்க, அதைச் சுற்றி நீர் கோத்துச் சீழ் பிடிக்கும். பென்சிலின் இல்லாத காலம். சீழைக் கண்டவுடன் மார்பைத் திறந்து வடிப்பதே அன்றைய வழக்கம். ஆனால் நுரையீரல் மார்புச்சுவரோடு ஒட்டுவதற்கு முன் திறந்தால், வெளிக்காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். காப்பாற்றச் செய்த அறுவையே பலரின் உயிரைப் பறித்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. முகாம்களில் இந்நிலைக்கு ஆளானவர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் இறந்தனர். முதலில் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்து, சீழ் கெட்டிப்பட்ட பிறகே திறக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரேயம் இடம்பெற்ற ராணுவக் குழு 1918இல் கண்டறிந்தது. அந்தப் பையனுக்கு அது சில மாதங்கள் பிந்திவிட்டது.

ஏட்டுக்கட்டு:
கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்போரில் அமெரிக்கப் படையினரில் இறந்த 1,16,516 பேரில், களத்தில் மடிந்தவர்கள் 53,402 பேர்; எஞ்சியவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயால் இறந்தவர்கள். ஆகவே அவனும் அக்கணக்கில் உள்ளவனே. ராணுவப் பணிப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1973இல் செயின்ட் லூயிஸில் நேர்ந்த தீயில் போய்விட்டது. ஆனால் 1917 சூன் 5 அன்று 21 முதல் 30 வயது வரையிலானோர் படைச்சேர்க்கைக்காக எழுதிக்கொடுத்த பதிவு அட்டைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே தேடிப் பாருங்கள்.

வரப்போரம்:
இருவருக்கும் நன்றி. அட்டை கிடைத்தது. உயரம் நடுத்தரம், கண் நீலம், தொழில் என்ற இடத்தில் தந்தையின் பண்ணையில் விவசாயம். படைச்சேர்க்கையிலிருந்து விலக்குக் கோருகிறீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதி, கீழே அழுத்தமாகக் கையெழுத்திட்டிருக்கிறான்.