கண்காணிப்புக் காணொளியில் பைகளைக் கண்டறிதல்: செயற்கைப் படங்களால் பெற்ற பயிற்சி நிஜத்தில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். உயரத்தில் பொருத்தப்பட்ட நிலையான கண்காணிப்புக் கேமராக்களின் காணொளியில், தரையில் விட்டுச் செல்லப்பட்ட பைகளையும் பெட்டிகளையும் கண்டறியும் மாதிரி (மாடல்) ஒன்றைப் பயிற்றுவித்து வருகிறேன். இத்தகைய காட்சிகள் நிஜத்தில் அரிதாகவே கிடைக்கின்றன. கிடைப்பவற்றிலும் வழிப்போக்கர்களின் முகங்கள் பதிந்திருப்பதால் அவற்றைச் சேமிக்கவும் பகிரவும் தயக்கம் உள்ளது. ஆகவே பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருளில் பைகளை வைத்து ஆயிரக்கணக்கான செயற்கைப் படங்களை ரெண்டர் செய்தேன் (கணினியால் வரையச் செய்தேன்). பொருள் எங்கே உள்ளது என்பதை மென்பொருளே அறிந்திருப்பதால், அதைச் சுற்றி எல்லைப்பெட்டிகளைக் கையால் வரையும் வேலையும் மிச்சமானது.

கோகோ என்னும் பொதுப் படத் தொகுப்பில் முன்பயிற்சி பெற்ற, யோலோ என்னும் பொருள் கண்டறியும் மாதிரி ஒன்றை இப்படங்களைக் கொண்டு மேலும் பயிற்றுவித்தேன். செயற்கைப் படங்களிலிருந்தே ஒதுக்கி வைத்த சோதனைத் தொகுப்பில் அது ஏறத்தாழப் பிழையின்றிச் செயல்படுகிறது. நிஜக் காணொளியிலோ தொலைவில் உள்ள பைகள் தவறிப்போகின்றன. இரவில் கேமரா அகச்சிவப்புக்கு மாறியதும் நிலைமை இன்னும் மோசமாகிறது. குப்பைத்தொட்டியையும் தூணடி நிழலையும் பை என்று காட்டுகிறது. ரெண்டரை மேலும் தத்ரூபமாக்க வேண்டுமா, அல்லது எழுத்து விவரிப்பிலிருந்து படம் உருவாக்கும் டிஃப்யூஷன் மாதிரிகளுக்கு மாறுவது நல்லதா?

மறுமொழி 1

வணக்கம். ரெண்டரின் அழகைக் கூட்டுவதில் இப்போதைக்கு நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. கண்காணிப்புக் கேமரா தரும் படம் அழகானதன்று. லென்சின் வளைவு, சென்சாரின் இரைச்சல், அந்த இரைச்சலைக் குறைக்கக் கேமராவே செய்யும் மெழுகுதல், விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்குதல், இறுதியில் எச்.264 என்னும் காணொளிச் சுருக்கம் என்று பல கட்டங்களைக் கடந்து வரும் சிதைந்த படம் அது. உங்கள் செயற்கைப் படமும் அதே வரிசையில் அதே கட்டங்களைக் கடந்து வரவேண்டும். பெரிய அளவில் ரெண்டர் செய்து, சிறிதாக்கி, மங்கலாக்கி, இரைச்சல் சேர்த்து, அதன் பிறகே சுருக்க வேண்டும்.

சுருக்கத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தனிப் படமாக ஜேபெக்கில் சுருக்கினால் வரும் சிதைவு வேறு, காணொளியாகச் சுருக்கினால் வரும் சிதைவு வேறு. காணொளியில் மாறாத பகுதிகள் முந்தைய பிரேமிலிருந்து (காணொளியின் தனிப் படத்திலிருந்து) அப்படியே எடுத்துக்கொள்ளப்படுவதால், அசையாமல் கிடக்கும் பையின் நுண்விவரம் பிட் வீதத்தையும் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பதையும்) கடைசி முழுப் பிரேம் எப்போது வந்தது என்பதையும் பொறுத்தே அமையும். எனவே சில நொடிக் காட்சியாக ரெண்டர் செய்து, உங்கள் கேமராவின் பிட் வீதத்திலேயே எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள் கொண்டு சுருக்கி, அதிலிருந்து பிரேம்களை எடுங்கள்.

இரவுக் காட்சிக்கு, வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் துணிகள் பல, 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் வெளிறித் தெரியும். அவற்றின் சாயம் அந்த அலைநீளத்தை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதே காரணம். ஆகவே இரவுப் படங்களுக்குப் பையின் மேற்பரப்பு வெளிச்சத்தை அதன் பகல் நிறத்தோடு தொடர்பின்றித் தாறுமாறாக மாற்றிக் கொடுங்கள். மேலும் விளக்குகள் லென்சை ஒட்டியே அமைந்திருப்பதால், நிழல் பொருளின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அருகில் உள்ளவை வெளுத்துப்போகும், தொலைவில் உள்ளவை விரைவாக இருளில் மறையும். பிளெண்டரில் கேமராவின் இடத்திலேயே ஒரு விளக்கை வைத்தால் இவ்வளவும் தானாகவே வந்துவிடும்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியை ஏற்கிறேன். ஆனால் தொலைவுப் பைகள் தவறுவதற்குச் செயற்கைப் படங்களின் மேல் பழி போடுமுன், மாதிரிக்குள் எந்த அளவில் படம் செல்கிறது என்று பாருங்கள். 1920 பிக்சல் அகலமுள்ள பிரேம் 640-க்குச் சுருக்கப்பட்டால், 30 பிக்சல் அகலமுள்ள பை 10 பிக்சலாகிவிடும். 8 பிக்சல் கட்டங்களில் தேடும் மாதிரிக்கு அது ஒரு கட்டத்தைச் சற்றே தாண்டும் புள்ளி. உள்ளீட்டின் அளவைக் கூட்டுவதோ, பிரேமைத் துண்டுகளாக்கித் தேடுவதோ இங்கே எந்த ரெண்டரைவிடவும் அதிகப் பயன் தரும்.

அடுத்து, கேமரா அசையாதது என்பது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் முழுக் காட்சியையும் பிளெண்டரில் கட்டுவது ஏன்? நீண்ட நேரக் காணொளியிலிருந்து ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை எடுத்தால், நடமாடும் மனிதர்கள் மறைந்து வெற்றுப் பின்னணி மட்டும் எஞ்சும் (முகங்கள் பற்றிய உங்கள் தயக்கமும் பெரும்பாலும் தீரும்). காலை, நண்பகல், மழை, இரவு என்று தனித்தனியே எடுத்துவையுங்கள். இந்தப் பின்னணிகளின் மேல் பைகளை வெட்டி ஒட்டலாம்; ஆனால் இடமும் அளவும் பொருந்தவேண்டும். தரையில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாத நான்கு புள்ளிகளின் உண்மையான இடைவெளிகளை அளந்தால் தரைத்தளத்துக்கான ஹோமோகிராஃபி (படத்தின் புள்ளியைத் தரையின் புள்ளியோடு பொருத்தும் கணக்கு) கிடைக்கும்; கேமராவின் உயரமும் சாய்வும் தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் பை எத்தனை பிக்சல் உயரம் இருக்கவேண்டும் என்பதையும் கணக்கிடலாம். சுவரில் தொங்கும் பைகளையும் மனிதனைவிடப் பெரிய பெட்டிகளையும் பார்த்துப் பழகிய மாதிரி, நிழலைப் பை என்று சொல்வதில் வியப்பில்லை.

வெட்டி ஒட்டும் முறையில் ஓர் ஆபத்து உண்டு: மாதிரி பையைக் கற்காமல் ஒட்டிய விளிம்பைக் கற்றுக்கொள்ளும். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு எளிய மருந்து சொன்னது. அதே பொருளை அதே இடத்தில் காசியன் மங்கல் (விளிம்பை மென்மையாக மங்கலாக்குதல்), பாய்சான் கலப்பு (பின்னணியோடு நிறம் இழைய ஒட்டுதல்), எதுவும் செய்யாத நேரடி ஒட்டு என்று வெவ்வேறு விதமாக ஒட்டிக் கொடுத்தால், விளிம்பு நம்பத்தகாத அடையாளம் என்று மாதிரி விட்டுவிடுகிறது. நான் இதோடு, பையல்லாத பொருள்களையும் அதே முறையில் ஒட்டி, எல்லைப்பெட்டி வரையாமல் விடுவேன். குப்பைத்தொட்டிக்கும் அதுவே மருந்து.

மறுமொழி 3

ஒரு சிறு மாறுபாடு. இருவரும் நிஜத்தை நெருங்குவதையே சொல்கிறீர்கள். எதிர்த்திசையிலும் பலன் கண்டிருக்கிறார்கள்: ஒளி, நிறம், பரப்பு, கோணம் ஆகியவற்றை இயல்புக்கு மீறிச் சிதறடிக்கும் டொமைன் ராண்டமைசேஷன் முறையில், 2018-இல் கார்களைக் கண்டறியும் ஓர் ஆய்வு, செயற்கைப் படங்களில் பயிற்றுவித்துப் பின் நிஜப் படங்களால் ஃபைன்-டியூன் (மேற்பயிற்சி) செய்த மாதிரி, நிஜப் படங்களை மட்டும் கண்ட மாதிரியை விஞ்சியதைக் காட்டியது. இதில் இரண்டாம் பாதியே முக்கியம் என்று நினைக்கிறேன். எத்தனை குறைவாக இருந்தாலும், நிஜப் படங்களைக் கடைசிக் கட்டத்தில் சேருங்கள். அரிய காட்சி நிகழும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உரிய அனுமதியோடு நீங்களே பைகளை வைத்துப் படம்பிடிக்கலாம்.

டிஃப்யூஷனைப் பொறுத்தவரை, பையை வரையச் சொல்லாமல் பின்னணியை மழைக்கும் மூடுபனிக்கும் மாற்றச் சொல்வது பயனுள்ளது. பையை வரையச் சொன்னால், கேட்ட இடத்தில் கேட்ட அளவில் அது வரும் என்ற உறுதி இல்லை. எல்லைப்பெட்டிகளை மீண்டும் கையால் சரிபார்க்க நேரும். தொடக்கத்தில் மிச்சமான வேலை அங்கே திரும்பி வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. உள்ளீடு 640-ஆகத்தான் உள்ளது. முதலில் அதை மாற்றிப் பார்க்கிறேன். நிஜப் படங்களை நானே எடுத்தால், அவற்றைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எப்படிப் பிரிப்பது?

மறுமொழி 2

பிரேம்களைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த பிரேம்கள் ஏறக்குறைய ஒரே படம் என்பதால், பயிற்சியில் கண்டதையே சோதனையிலும் காணும். கேமரா வாரியாகப் பிரியுங்கள். ஒரே கேமராதான் என்றால் நாள் வாரியாகப் பிரித்து, பைகளையும் வேறாக வையுங்கள். சோதனைத் தொகுப்பில் செயற்கைப் படம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. சராசரித் துல்லியம் என்னும் வழக்கமான மதிப்பெண்ணோடு, பையே இல்லாத நீண்ட காணொளியை ஓடவிட்டு, மணிக்கு எத்தனை பொய் எச்சரிக்கைகள் வருகின்றன என்பதையும் பகல், இரவு எனத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் கருவியை அணைத்துவிடுவாரா இல்லையா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.