துளையிடும் இயந்திரத்தைத் தொலைவிலிருந்து பூட்டுவது எப்படி?

நெடுங்கேணிப் பகுதியின் கடும்பாறையில் குழாய்க்கிணறு தோண்டும், லொறியில் பொருத்திய இயந்திரம் ஒன்றை இயக்குகிறோம். அது காற்றழுத்தச் சுத்தியல் வகையைச் சேர்ந்தது; அதாவது, கொம்பிரசர் அனுப்பும் அழுத்தக் காற்றால் துளைக்குள் இருக்கும் சுத்தியல் அடித்துப் பாறையை உடைக்கும். கொம்பிரசருக்குத் தனி டீசல் எஞ்சினும் 24 வோல்ற் மின்சுற்றும் உள்ளன. துளையிடும் தண்டுகளைக் கழற்றிப் பூட்டும் தண்டு மாற்றுபவர் துளையருகே நிற்கையில் எஞ்சினைத் தொலைவிலிருந்து நிறுத்தினாலும் குழாயில் அழுத்தம் தங்கிவிடுகிறது. வேறொருவர் சாவியைத் திருப்பினால் அது மீண்டும் ஓடத் தொடங்குகிறது. மாசி மாதம் முதல் இதே நிலைதான்.

பற்றரி இணைப்பைத் துண்டித்துப் பூட்டிப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய டீசல் எஞ்சின் அதனால் நிற்பதில்லை. பின்னர், சமிக்ஞை அறுந்தால் எரிபொருள் அடைபடும் விதமாக வயர்லெஸ் ரிலே (கம்பியில்லாச் சமிக்ஞையால் இயங்கும் மின் ஆளி) ஒன்றை இணைத்தோம். பாதுகாப்புக்கு அதுவே சரியான முறை என்றாலும், துளையிடும்போதே சமிக்ஞை அறுந்து எஞ்சின் நின்றுவிடுவதால், மேலேற வேண்டிய கல்தூள் கீழிறங்கிச் சுத்தியலை இறுக்கிவிடுகிறது. நிறுத்தும் பொத்தான் ஒன்றை மட்டும் பூட்டாகக் கருத எனக்கு மனமில்லை.

ஏறத்தாழ 15 மீற்றர் தள்ளி நின்று, கம்பி வழியாக எரிபொருளையும் காற்றையும் ஒருங்கே அடைத்து, எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றி, அந்தப் பூட்டின் சாவியைத் தண்டு மாற்றுபவரே வைத்திருக்கக்கூடியதாக எந்த வகை வால்வைப் பொருத்தலாம்?