கூந்தன்குளத்து நாரையும் நான் வெட்டி எறிந்த ஓட்டுக்கூரையும்

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியபோது 2018 மார்ச்சில் கூந்தன்குளத்தில் எடுத்த படங்கள் கிடைத்தன. ஒரு காட்சிக்கு இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று கேமரா தந்த முழுப்படம், இன்னொன்று நான் கிராப் செய்து சேமித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்டினதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அங்கே போகாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில், 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊர் அது. குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, தெருவுக்குள் வீட்டு வேம்பிலும் புளியிலும்கூட நாரைகள் கூடு கட்டும். முற்றத்தில் எச்சம் விழும், கொடியில் காயும் துணியில் விழும், நம் தலையிலும் விழும். ஊரார் யாரும் கல்லெடுத்து எறிவதில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடாதவர்கள்.

என் படத்தில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை வேம்பின் உச்சியில் குச்சியைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. கீழே ஓட்டுக்கூரை, ஒரு கொடி, அதில் ஒரு சேலை. வலது ஓரத்தில் மின்கம்பம். அப்போது எனக்குப் பறவை என்றால் ஃபிரேம் நிறைய இருக்க வேண்டும், கண் மின்ன வேண்டும், பின்னால் எல்லாம் கலங்கித் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் குப்பை. 6000க்கு 4000 புள்ளி இருந்த படத்தை 2400க்கு 1600 என்று நறுக்கினேன். அதாவது 24 மெகாபிக்சலில் மிஞ்சியது நாலுக்கும் குறைவு. தலை சரியான இடத்தில் வரவேண்டுமென்று பின்பக்கத்தையும் ஒட்ட வெட்டினேன். அந்த நாரையின் அழகே வாலை மூடிக்கிடக்கும் ரோஜா நிறச் சிறகுகள்தான். அது பாதி போயிற்று.

மறுவருடம் அதை 12க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு அந்த வீட்டு ஆச்சிக்குக் கொண்டுபோனேன். அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 3600க்கு 2400 இருக்க வேண்டும். என்னிடம் இருந்ததை இழுத்துப் பெரிதாக்கியதில் இறகெல்லாம் மெழுகு பூசினாற்போல ஆகிவிட்டது. ஆச்சி அதைக் கண்டுகொள்ளவில்லை. கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாரை நல்லாத்தான் இருக்கு ராசா. இது எங்க வீட்டு வேம்புன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றாள்.

வீட்டுக்கு வந்து மூலப்படத்தைத் திறந்தேன். இந்தத் தடவை வலது ஓரத்து மின்கம்பத்தையும் மேலே வெறும் வானத்தையும் மட்டும் வெட்டி எடுத்தேன். 4800க்கு 3200 மிஞ்சியது. நாரை சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. கொடியையும் எடுத்துவிடலாமா என்று அரைமணி நேரம் யோசித்து, அப்புறம் விட்டுவிட்டேன்.

உங்களுக்கு வெட்டிக் கெட்டது, வெட்டாமல் கெட்டது இருந்தால் எழுதுங்கள்.

பாளையங்கோட்டைக்காரர் எழுதியது:

அண்ணாச்சி, எனக்குக் கெட்டது வெட்டுவதற்கு முன்னாலேயே. குறுக்குத்துறைப் படித்துறையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்று சிறகடிக்குமே, அதை ஜூம் லென்ஸை 600 மில்லிமீட்டர் வரை முழுசாக இழுத்துப் பிடித்தேன். அறுபது படத்தில் முக்கால்வாசிக்குச் சிறகு நுனி ஃபிரேமுக்கு வெளியே. லைட்ரூம் மென்பொருளில் எத்தனை தட்டினாலும் போன சிறகு வருமா? இப்போது 400-க்குப் பின்வாங்கி எடுத்துவிட்டு வீட்டில் வந்து கிராப் செய்கிறேன்.

இன்னொன்று. பறவை பார்க்கிற பக்கம் இடம் விடு என்பார்கள். அந்தரத்தில் நிற்கிற மீன்கொத்தி பார்ப்பது நேரே கீழே, தண்ணீரை. நான் பழக்க தோஷத்தில் அலகு திரும்பிய பக்கமாக, இடப்புறம் இடம் விட்டுக் கீழே நறுக்கியிருந்தேன். பாய்வதற்கு ஆறே இல்லாத மீன்கொத்தி!

நாங்குநேரிப் பக்கத்துக்காரர் எழுதியது:

நான் படக்காரன் இல்லை, எண்ணுகிறவன். ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போவேன். 2011-லிருந்து நடக்கிறது. போன தடவை ஒரு பையன் குளத்து மறுகால் பக்கம் எடுத்த வெள்ளைக் கொக்கு ஒன்றை அனுப்பி என்ன கொக்கு என்று கேட்டான். எதிர்வெயில், அலகின் நிறம் தெரியவில்லை. கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் இருந்தால் சின்னக் கொக்கு என்று சட்டென்று சொல்லிவிடலாம். அவனோ சகதி அசிங்கமாக இருக்கிறது என்று முழங்காலோடு வெட்டிவிட்டான். மூலப்படத்தையும் அழித்துவிட்டானாம். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வெட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மூலத்தை வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

அம்பாசமுத்திரம் அக்கா எழுதியது:

முதலில் எழுதிய தம்பி சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். கூந்தன்குளம் எல்லாருக்கும் தெரிந்த இடம், அங்கே வீட்டைக் காட்டினால் நட்டமில்லை. திருப்புடைமருதூரில் கோயில் மருதமரங்களோடு சேர்த்துப் பறவைகளை நானும் அகலமாகத்தான் எடுப்பேன். ஊரே முன்வந்து 2005-ல் பறவைகளுக்கென்று காப்பகமாக்கிய இடம், மரமில்லாமல் அந்தப் படத்துக்கு அர்த்தமில்லை.

ஆனால் ஒரு புள்ளி ஆந்தை ஜோடி. எங்கள் பக்கத்து ஒரு கிராமத்துக் கோயில் மதில் பொந்தில் இருந்தது. நான் ஆசையாகக் கோபுரத்தையும் சேர்த்து எடுத்துப் போட்டேன். ஊர்ப்பெயர் எழுதவில்லை. எழுத வேண்டியதே இல்லை, கோபுரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர், ஃபிளாஷோடு. பொந்துக்கு நேரே ஏணி வைக்கப் பார்த்தார்களாம், பூசாரிதான் விரட்டியிருக்கிறார். இரண்டு வாரத்தில் ஆந்தைகள் போய்விட்டன. அந்தப் படத்தை நான் கண்ணும் அலகும் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டியிருக்க வேண்டும். இப்போது ஆந்தை என்றால் கல் வரிசைகூடத் தெரியாமல் நறுக்கித்தான் போடுகிறேன்.

முதலில் எழுதியவன் எழுதியது:

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. என்னிடம் பனங்காட்டில் எடுத்த கூகைப் படம் ஒன்று பின்னால் காற்றாலையோடு இருக்கிறது. நல்லவேளை, இன்னும் எங்கும் போடவில்லை.

ஆச்சி கதையில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இரண்டாவது பிரிண்ட்டைக் கொடுத்தபோது நாரையை ஒரு நொடிதான் பார்த்தாள். விரல் நேரே கொடிக்குப் போனது. "ஏ, இது என் சேலைல்லா! படம் புடிக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சேலையா காயப் போட்டிருப்பேனே" என்றாள்.