பிரதேச சபை முறைகேட்டை விசாரிக்கிற அதிகாரம் யாரிடம்?

படுவான்கரையான்:
போன உள்ளூராட்சித் தேர்தலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, எங்கள் ஊர் உள்வீதியில் சபையின் உழவு இயந்திரம் கிரவல் கொண்டுவந்து கொட்டியது. எங்கெங்கே கொட்ட வேண்டும் என்று பக்கத்தில் நின்று கை காட்டியவர் ஒரு வேட்பாளர். எந்தச் சபை, எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், இங்கே எல்லாரும் சொந்தக்காரர்தான். அவர் வென்று இப்போது சபையில் இருக்கிறார். ஒரு கந்தோரில் கேட்டால் இது தேர்தல் விசயம் என்கிறார்கள், அடுத்த கந்தோரில் இது உள்ளூராட்சி விசயம் என்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கிற மச்சான் சொல்கிறான், அங்கே தேர்தலில் குளறுபடி செய்த உள்ளூர் நிர்வாகத்தை விசாரித்து மேற்பார்வையில் எடுக்க 2023இல் சட்டமே போட்டார்களாம். இலங்கையில் நமக்கு அப்படி ஒன்றும் இல்லையா?

கல்லடிக்காற்று:
மச்சான் சொன்னது பாதிக் கதை. 2022 நவம்பர் தேர்தலில், ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) சில வாக்களிப்பு நிலையங்களில் வாக்குச்சீட்டுத் தாள் தீர்ந்துபோனது. அதைக் காட்டித்தான் டெக்சாஸ் சட்டசபை அடுத்த வருடம் இரண்டு சட்டம் கொண்டுவந்தது. ஒன்று, அந்தக் கவுண்டியின் தேர்தல் நிர்வாகி பதவியையே ஒழித்தது. மற்றதன்படி முறைப்பாடு வந்தால், மாநிலத்தின் தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் விசாரித்து, கவுண்டியின் தேர்தல் வேலையைத் தன் மேற்பார்வையில் எடுக்கலாம். திருந்தாவிட்டால் அதிகாரியைப் பதவி நீக்க மனுப் போடவும் வழி உண்டு. இதில் விசேடம், சட்டத்தில் ஹாரிஸ் என்ற பெயரே கிடையாது. ஒன்றில் 35 இலட்சத்துக்கு மேல், மற்றதில் 40 இலட்சத்துக்கு மேல் சனத்தொகை உள்ள கவுண்டி என்று மட்டும் எழுதினார்கள். டெக்சாஸில் அந்த அளவு சனம் உள்ளது ஹாரிஸ் ஒன்றில்தான். மாநிலம் ரிபப்ளிக்கன் கையில், கவுண்டி டெமோக்ரட் கையில். மாநிலச் செயலாளரை நியமிப்பவர் ஆளுநர். மிச்சத்தை நீயே யோசி.

பழைய செயலாளர், களுவாஞ்சிகுடி:
தம்பி, சட்டம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. நான் உள்ளூராட்சியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், தேர்தல் வந்தால் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலராகப் பெட்டியோடு போனவன். உன் முறைப்பாட்டில் இரண்டு விசயம் கலந்து கிடக்கிறது. அதனால்தான் உன்னைப் பந்தாடுகிறார்கள்.

முதலில் கிரவல். சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தல், திறைசேரி காசு விடாததால் நின்றது. (அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. போன காலம் போனதுதான்.) 2025 மே 6இல் தேர்தல் நடந்தபோதும் பிரதேச சபைகளை நடத்தியவர்கள் செயலாளர்கள். ஆகவே அந்த உழவு இயந்திரம் வாசலைத் தாண்ட அனுமதி கொடுத்தவர் அரச உத்தியோகத்தர். இந்த இடத்தை விடாதே. தேர்தல் காலத்தில் அரச சொத்தை வேட்பாளருக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்ய அரசியலமைப்பு தேர்தல் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதன் பணிப்புரையை நியாயமான காரணம் இல்லாமல் மீறும் உத்தியோகத்தர் மீது மேல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், மூன்று வருடச் சிறை வரை போகும். எனவே முறைப்பாடு மாவட்ட உதவித் தேர்தல் ஆணையாளருக்கு, பிரதி இராஜகிரியவில் உள்ள ஆணைக்குழுவுக்கு.

வெறும் வாயால் சொன்னால் எடுபடாது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வாரத்துக்குரிய உழவு இயந்திரத்தின் ரன்னிங் சார்ட் (ஓட்டப் பதிவு), டீசல் கொடுத்த பதிவு, அந்த வீதிக்கான செலவு மதிப்பீடு மூன்றையும் கேள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். வேட்பாளர், "அது என் சொந்தக் காசு" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள் அவர் செலவுக் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும், கிரவல் அதில் இருக்க வேண்டும். சபைக் காசு என்றால் சபையின் புத்தகத்தில் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் உன் கடிதத்துக்குக் கனம் கூடும்.

மற்றது, சபையை மேற்பார்வை செய்வது. பிரதேச சபைகள் சட்டம் (1987இன் 15) 185ஆம் பிரிவைப் பார். திறமையீனம், நிர்வாகச் சீர்கேடு, கடமையைத் தொடர்ந்து செய்யாமை என்று காட்டினால், ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவரின் விசாரணைக்குப் பிறகு தவிசாளரை நீக்கலாம், சபையையே கலைக்கலாம். தேர்தலுக்கு முன்பு கொட்டிய கிரவலுக்கு அது பொருந்தாது, அப்போது தவிசாளரே இல்லை. அதைவிட, அந்த அதிகாரம் மாகாண அமைச்சருக்கு உரியது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்து, தேர்தலே இல்லாமல் கிடக்கிறது. ஆகவே பேனா இருப்பது ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநரின் கையில். டெக்சாஸில் ஆளுநரையாவது சனம் வாக்குப் போட்டுத்தான் தெரிவு செய்கிறது.

கல்முனைக்குடியான்:
சேர், 185ஐ இளம் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள், ஆசைப்பட்டு விடுவார்கள். 2025 மே 6இல் மற்ற ஊர்களெல்லாம் வாக்குப் போட்டபோது, நீதிமன்ற உத்தரவால் எங்கள் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் இல்லை. எங்கள் சபையைக் கலைக்கவில்லை, காலம் முடிந்ததுதான், ஆனாலும் உறுப்பினர் இல்லாத சபை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெருவிளக்கு எரியாவிட்டால் ஏசுவதற்குக்கூட ஆள் இல்லை. ஒரு ஆளின் கிரவலுக்காக முழுச் சபையையும் ஆளுநரிடம் தூக்கிக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

பழைய செயலாளர், களுவாஞ்சிகுடி:
கொடுக்கச் சொல்லவில்லை. அது ஏன் இவருக்கு உதவாது என்றுதான் எழுதினேன்.

படுவான்கரையான்:
விளங்கியது ஐயா. ஆனால் விண்ணப்பத்தில் என் பெயரைக் கண்டால் அடுத்த நாளே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பெயர் போடாமல் கேட்க ஏலாதா?

பழைய செயலாளர், களுவாஞ்சிகுடி:
பெயர் போடத்தான் வேண்டும், ஆனால் அது உன் பெயராக இருக்கத் தேவையில்லை. எந்த இலங்கைக் குடிமகனும் எந்தச் சபையிடமும் கேட்கலாம், காரணமும் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருக்கிற நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு போடு. பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லு, தபால் துண்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லு. பதில் வராவிட்டால் மேன்முறையீட்டுக்கு அந்தத் துண்டுதான் கணக்கு.