வாழ்நாள் முழுக்க மாத்திரையா, ஒரேயடியாக அறுவை சிகிச்சையா?

மின்மினி:
பல வருடமாக நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோபி பார்த்ததில் சின்ன ஹையாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறியிருக்கிறது என்றார்கள். உணவுக்குழாயின் அடியில் லேசான புண்ணும் உண்டு, ஏ தரம் என்று எழுதியிருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல் மாத்திரை தினமும் காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடுகிறேன். எரிச்சல் அடங்கிவிடுகிறது. ஆனால் குனிந்தாலும் படுத்தாலும் எதுக்களித்துத் தொண்டை வரை வருவது நிற்கவில்லை. மாத்திரையை நிறுத்திப் பார்த்தால் சில நாளிலேயே எரிச்சல் முன்பைவிடக் கடுமையாகத் திரும்புகிறது. டாக்டர் தொடரச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, அறுவை சிகிச்சைக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

சுடர்:
போங்கள் என்பதுதான் என் கருத்து. உங்கள் பிரச்சினை அமிலம் அதிகமாகச் சுரப்பது இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கிற தசை சரியாக மூடவில்லை. மூடாத கதவை விட்டுவிட்டு உள்ளே வருகிற மழைநீரைத் துடைத்துக்கொண்டே இருப்பதுபோலத்தான் இந்த மாத்திரை. அமிலத்தைக் குறைக்கும், மேலே ஏறுவதை நிறுத்தாது. நீங்களே சொல்கிறீர்களே, எரிச்சல் போய்விட்டது, எதுக்களிப்பு போகவில்லை என்று.

இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கிற முறையை ருடால்ஃப் நிஸ்ஸன் 1956லேயே வெளியிட்டுவிட்டார். இப்போது லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியே செய்கிறார்கள். அது இருக்கும்போது வருடக்கணக்கில் மாத்திரை போட்டு பி12 குறைந்து, மெக்னீசியம் குறைந்து, எலும்பும் தேய்ந்து போவானேன்?

ஒற்றையடி:
சுடர், பயமுறுத்தாதீர்கள். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுத்தான் பலர் தேவையான மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டுத் தவிக்கிறார்கள்.

பான்டப்ரசோலையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டு 17,000க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் மூன்று வருடம் கவனித்த ஒரு பெரிய ஆய்வு 2019ல் வந்தது. எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு, மறதி நோய் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. மற்ற ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களைப் பின்னோக்கிப் பார்த்தவை. மாத்திரை போடுகிறவர்களில் வயதானவர்களும் வேறு நோய் உள்ளவர்களும் அதிகம் என்பதால் பழி மாத்திரைமேல் விழுந்துவிடுகிறது. மெக்னீசியம் குறைவது உண்மைதான், 2011ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. ஆனால் அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்.

மின்மினி, நிறுத்தினால் திரும்புவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009ல் ஓர் ஆய்வில் நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் இதே வகை மாத்திரையான எசோமிப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அதன்பின் எரிச்சல் போன்ற தொந்தரவுகள் வந்தன. வெற்று மாத்திரை போட்டவர்களில் 15 சதவீதம்தான். மாத்திரை போடும்போது அமிலம் குறைவதால் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடுகிறது. நிறுத்தியதும் அது அமிலத்தை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. எனவே சில நாளில் எரிச்சல் வந்ததை வைத்து மாத்திரை இல்லாமல் உங்களால் இருக்கவே முடியாது என்று முடிவு கட்ட முடியாது. டாக்டரிடம் கேட்டு அளவை மெல்லக் குறைத்து, இடையில் வேறு வகை அமிலக் குறைப்பு மாத்திரையான ஃபாமோடிடினோ, எதுக்களிப்பைத் தடுக்க உதவும் அல்ஜினேட் திரவமோ வைத்துக்கொண்டு இறங்கிப் பார்க்கலாம்.

சுடர்:
சரி, பக்கவிளைவு விஷயத்தில் ஆய்வுகள் உங்கள் பக்கம் இருக்கட்டும். எதுக்களிப்புக்கு உங்கள் பதில் என்ன? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இதே வகை மாத்திரையான ஓமிப்ரசோலுக்குக் கேட்காத நெஞ்செரிச்சல் உள்ளவர்களை வைத்து நடந்த ஆய்வும் 2019ல்தான் வந்தது. அறுவை சிகிச்சை செய்தவர்களில் 67 சதவீதம் பேருக்குப் பலன். மருந்தைக் கூட்டிக் கொடுத்தவர்களில் 28 சதவீதம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒற்றையடி:
அந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அதற்கு அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். முடிவில் சிகிச்சைக்குத் தேர்வானவர்கள் 78 பேர்தான். மருந்தை முறையாக உணவுக்கு முன் போட வைத்ததும் 42 பேருக்குச் சரியாகிவிட்டது. 99 பேருக்கு எரிச்சல் இருந்தது, ஆனால் அது அமிலத்தாலோ எதுக்களிப்பாலோ வந்ததே இல்லை. உணவுக்குழாயின் நரம்புகள் கூடுதலாக உணர்கிற நிலை அது. அந்த 99 பேரையும் கத்தியின் கீழ் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீங்கள் சொன்ன 67 சதவீதம், எல்லாச் சோதனையும் முடித்து வடிகட்டி எடுத்த சிலருக்கு வந்தது.

எதுக்களிப்பு மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது, அதில் உங்களோடு உடன்படுகிறேன். அதற்கு முதலில் செய்யவேண்டியது இடதுபக்கம் படுப்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துவது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருப்பது. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். எடை அதிகம் இருந்தால் அதைக் குறைப்பது பெரிய உதவி.

அலைகடல்:
நான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். எதுக்களிப்பு நின்றது, இரவில் தூங்குகிறேன். மறுபடி கேட்டாலும் செய்துகொள்வேன். ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாததைச் சொல்கிறேன். முதல் சில வாரம் கெட்டியான எதுவும் இறங்காது, கூழாகத்தான் சாப்பிட வேண்டும். இப்போதும் ஏப்பம் விட முடிவதில்லை. வயிறு உப்பிக்கொண்டால் காற்று கீழ்வழியாகத்தான் போகவேண்டும். வாந்தி வந்தாலும் எடுக்க முடிவதில்லை, அது மிகவும் கொடுமை. இதோடு வாழத் தயாரா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

சுடர்:
அலைகடல் சொல்வதை மறுக்கவில்லை. இன்று முழுச்சுற்றாக மடிக்காமல் பாதிச்சுற்றாக மடிக்கிற முறையும் இருக்கிறது, உப்பலும் விழுங்கச் சிரமமும் அதில் குறைவு. தையல் தளர்ந்து திரும்ப வரலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்வீடனில் 2,655 பேரைப் பார்த்ததில் 17.7 சதவீதம் பேருக்குத் திரும்பியது என்று 2017ல் வந்தது. அப்படியானால் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்பவில்லை. தொண்டைக்கு ஏறி வரும் நீரோடு ஒவ்வொரு இரவையும் கழிக்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மின்மினி:
எல்லோருக்கும் நன்றி. ஏ தரப் புண் இருக்கிறதே, அதுவே போதுமான ஆதாரம் இல்லையா? எதற்கு இன்னும் சோதனை?

ஒற்றையடி:
போதாது. ஏ தரம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் காணப்படுகிறது. சி, டி என்ற கடுமையான தரங்கள் என்றால் கேள்வியே இல்லை. அந்த நிலையிலும், பேரட்ஸ் என்ற செல் மாற்றம் இருந்தாலும், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்பேன். உங்களுக்குத் தேவை இரண்டு சோதனை. ஒன்று, மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளப்பது. உணவுக்குழாயில் அமிலம் இருக்கும் நேரம் 6 சதவீதத்துக்கு மேல் போனால் நோய் உறுதி, 4க்குக் கீழ் என்றால் இல்லை. இன்னொன்று மேனோமெட்ரி, உணவுக்குழாய் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று பார்ப்பது. அது பலவீனமாக இருந்து இறுக்கமாக மடித்துத் தைத்துவிட்டால் சாப்பாடு இறங்காமல் நிற்கும்.

சுடர்:
சோதனைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் முடிவு 6க்கு மேல் வந்தபிறகும் இன்னும் கொஞ்ச நாள் மாத்திரையில் இருங்கள் என்று யாராவது இழுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நேராக அறுவை நிபுணரிடம் போங்கள்.

ஒற்றையடி:
நிபுணரிடம் போவதில் தவறில்லை. செய்துகொள்வதா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். மின்மினி, சோதனைக்கு முன் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். அந்த வாரம் எரிச்சல் கூடும், சாதாரண ஆன்டாசிட் எதுவரை எடுக்கலாம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் நெஞ்செரிச்சல் என்று நினைத்துவிடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

மின்மினி:
இரண்டு சோதனைக்கும் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கப் போகிறேன். அதுவரை கட்டிலை உயர்த்திப் பார்க்கிறேன். அலைகடல், பாதிச்சுற்று முறையா முழுச்சுற்றா உங்களுக்குச் செய்தது?